ஆலங்கட்டிப் பிள்ளையார்

அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர்: மாடியில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, அவருடைய சின்ன மகள், கீழே கராஜில் அவர்களிடம் உள்வாடகைக்கு இருந்த நான். அக்காவின் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் இருந்தது வேறு பேட்டையில், பிளாக்ஹவுஸ் பேயில். கராஜில் ஓர் ஆள் குடியிருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் நான் கிளம்ப வேண்டியதுதான்.

நாங்கள் இருந்த கிளென் ஈடனில் பனி ஏது? ஆலங்கட்டி மழைதான் கொட்டியது. சரிவான டிரைவ்வேயில் உருண்டு வந்ததெல்லாம் கராஜ் கதவருகே, தண்ணீர் வடியும் கம்பிச் சல்லடை மேல் வெள்ளையாகக் குவிந்தது. மகள் அதில் பனிமனிதன் செய்தாள். தொந்தியைப் பார்த்ததும் அக்கா தும்பிக்கை ஒட்டி, குங்குமமும் வைத்துவிட்டார். படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அம்மாவின் பதில் குரல் பதிவாகத்தான் வரும்.

"சாமி குளிருல நடுங்குது பாரு. நீ யாரோடடா இருக்க?"

"எல்லாரும் இருக்காங்கம்மா."

வெயில் வந்தது. கூரையிலும் டிரைவ்வேயிலும் கிடந்த ஆலங்கட்டி மொத்தமும் உருகி இறங்க, அது வடியும் வழியை அடைத்துக்கொண்டு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தண்ணி உள்ள வருது. மண்வெட்டியால தள்ளிடவா?"

"என்ன கதை கதைக்கிறீங்கள் தம்பி! பொட்டு வச்ச பிள்ளையாரைக் கொத்துறதே? பொறுங்கோ, தானாக் கரைஞ்சு போவார்."

"அதுக்குள்ள நான் கரைஞ்சிடுவேன் போலிருக்கே!"

"நோ! டோன்ட் டச் ஹிம்!" மகள் குறுக்கே நின்றாள்.

எனக்கும் கை வரவில்லை. மூவரும் துண்டுகளைக் கதவடியில் திணித்தோம், பிழிந்தோம், மறுபடி திணித்தோம். அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து யாரோடும் அவ்வளவு நேரம் சேர்ந்து நின்றதில்லை. அவர் கரைந்து முடிந்தபோது கராஜுக்குள் கார்ப்பெட் சொதசொதவென்று ஆகியிருந்தது.

அடுத்த வாரம் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனுக்கு வீட்டுக்காரர் வந்தார். ஈர வாடை அவரைக் கீழே இழுத்து வந்தது. கார்ப்பெட்டைப் பார்த்தார், பிறகு என் கட்டிலை. கராஜ் காருக்குத்தான் என்றார், சத்தம் போடாமலே.

நகர மையத்தில் ஓர் அறைக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள். யாரென்று இன்னும் தெரியாது. கார்ப்பெட் செலவில் பாதியைத் தருகிறேன் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். "விசர்க் கதை கதையாதைங்கோ" என்று போனை வைத்துவிட்டார். நான் கொடுத்துவந்த வாடகையும் போய், புதுக் கார்ப்பெட்டுக்கு அவர்கள் கட்டியது அறுநூற்று நாற்பது டாலர்.