உண்டியலுக்குப் போகாத முடிப்பு

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று பெரியவர்கள் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த வருடங்கள். நான் நகரியில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். எனக்கு அப்போது ஏழு வயது. புளியமரத்தில் ஏறி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். சித்தூருக்குத் தூக்கிப்போய் மாவுக்கட்டு போட்டார்கள். அம்மாவின் கம்மல் அதோடு போயிற்று.

புரட்டாசி மழையில் கூரை ஒழுகிக் கட்டு நனைந்தது. முதலில் அரித்தது, பிறகு எரிந்தது. நான் அழ அழ வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அரித்தால் எலும்பு கூடுகிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ! நாற்றம் வந்தபோது நைனாவுக்குச் சந்தேகம் தட்டியது. அம்மாதான் தடுத்தாள்.

"கம்மல வித்துப் போட்ட கட்டு. இத்த ஒடச்சா மறுபடி போட இன்னா கீது நம்மகிட்ட?"

நைனா தறிக்குழியில் போய் இறங்கிக்கொண்டார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாதவள் வேறு என்ன சொல்வாள்?

திருப்பதிக்கு நடந்துபோகும் கூட்டம் ஒன்று மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கியது. மகன் காய்ச்சலில் கிடக்கிறான், அவனுக்காக நேர்ந்துகொண்டு போகிறேன் என்று சொன்ன ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். கட்டின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சீழ்.

"இது எலும்பு கூட்றது இல்லம்மா, சதை அழுவறது. இன்னிக்கே கூட்டிக்கினு போ."

கையில் காசில்லை என்று அம்மா தலைகுனிந்தாள். அந்த அம்மாள் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிப்பை எடுத்தாள். நேர்ந்து முடிந்த காசை உண்டியலில்தான் சேர்க்க வேண்டும். வழியில் அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அவள் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். காசை எண்ணாமல் அப்படியே அம்மாவின் கையில் கொட்டினாள்.

அன்றே ரயிலேறி, ரேணிகுண்டாவில் மாறி, திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டை வெட்டியபோது பஞ்சோடு குதிகால் தோலும் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். புண் ஆறும்வரை மறுகட்டுப் போட முடியவில்லை. எலும்பு கோணலாகவே கூடியது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறேன்.

இருந்த அவசரத்தில் அந்த அம்மாளின் ஊர், பேர் எதையும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஊன்றி நடக்க எனக்கு ஒரு கால் இருக்கிறது; அவள் வீடு திரும்பியபோது அந்தப் பையன் இருந்தானா என்று தெரியாமல்தான் இத்தனை வருடமும் அந்தக் காலால் நடந்துகொண்டிருக்கிறேன்.