பெரிய பிளேனும் பதினாலாம் தேதி டிக்கெட்டும்

விமான டிக்கெட் விற்கிறவளுக்கு விமானத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் திரை. அதில் சீட் இருக்கிறது என்று வந்தால் இருக்கிறது, இல்லை என்று வந்தால் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கும் தெரியாது. ரேஷன் கடை, ரயில்வே கவுண்டர், கேஸ் ஏஜென்சி என்று எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் செய்யாத காரியத்துக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

பதினோரு வருடமாக இந்த வேலை. வாரத்தில் மூன்று நாள் கடலூர் மஞ்சக்குப்பம் ஆபீஸ், மூன்று நாள் சிதம்பரம் தெற்கு வீதிக் கிளை. எத்தனையோ டிக்கெட் போட்டுவிட்டேன். ஆனால் இந்த வருடம் தை, மாசியில் ஒரே ஒரு டிக்கெட் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதற்கு நடுவில் வேறு சிலரும் வந்து, இருந்த கொஞ்சம் தெளிவையும் கலக்கிவிட்டுப் போனார்கள். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எஞ்சின் எத்தனை?

ராஜகுமாரி அக்கா கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். சாதாரணமாகப் பேசினாலே எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல். ஒரே மகள் சுகன்யா நர்ஸ் வேலைக்கு டொரண்டோ போய், அங்கேயே கல்யாணம் ஆகி, இப்போது தலைப்பிரசவம். பிப்ரவரி இருபத்தஞ்சாம் தேதி வாக்கில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது. அந்தப் பனியில் துணைக்கு வேறு ஆளும் கிடையாது. அக்கா போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. விசா கையில் இருந்தது. பதினாலாம் தேதிக்குப் போட்டேன். சென்னையிலிருந்து வளைகுடா, அங்கே விமானம் மாறி ஒரே மூச்சில் டொரண்டோ.

மற்றவர்கள் சாப்பாடு என்ன, எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்பார்கள். அக்கா, இரண்டாவது விமானம் எத்தனை அடி நீளம், எத்தனை பேர் ஏறுவார்கள், எஞ்சின் எத்தனை என்று கேட்டார். வாழ்க்கையில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. தேடிப் பார்த்து, பெரிய ரகம்தான், எஞ்சின் இரண்டு என்றேன். "ரெண்டே எஞ்சினா? எந் தம்பி போட்டுல ஒண்ணுதான். ஆனா அது நின்னுபோச்சின்னா கட்டி இழுக்க இன்னொரு போட்டு வரும். இதுக்கு யாரும்மா வருவா?"

மாடி வைத்த பிளேன்

மறுநாள் சிதம்பரத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் மகன். அவருக்கு இரண்டு தளம் வைத்த பெரிய விமானம்தான் வேண்டும், அதுவும் மாடியில் ஜன்னலோரம். பாதி வழியில் மாறிய பிறகு அது கிடைக்கும் சார், சென்னையிலிருந்து கிளம்புவது கொஞ்சம் சின்னது என்றேன். ஏன் அந்தப் பெரியதைச் சென்னைக்கே அனுப்பக் கூடாது என்று மடக்கினார்.

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னேன். அவ்வளவு பெரிய விமானத்தைத் தினமும் நிரப்ப ஆள் வேண்டும், பாதி காலியாகப் பறந்தால் கட்டுபடியாகாது. அதனால் ஊர் ஊராகச் சின்ன விமானத்தில் ஆளைச் சேர்த்து, ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டி, அங்கிருந்து பெரியதில் ஏற்றுகிறார்கள் என்றேன். பரீட்சையில் தப்பாக எழுதின பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "பொங்கலுக்கு முந்துன நாளு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுருக்கியாம்மா நீ? மெட்ராசுல ஆளு இல்லியாம், ஆளு!"

முப்பத்தெட்டுப் பேர்

அதே வாரம் திட்டக்குடியிலிருந்து மக்காச்சோள வியாபாரி ஒருவர், மச்சானையும் அழைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் மகளுக்கு லண்டனில் கல்யாணம். பெண், மாப்பிள்ளை இருவருக்கும் அங்கேதான் வேலை. கோடுபோட்ட தாளில் முப்பத்தெட்டுப் பேர் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வயதும் போட்டிருந்தார். எல்லோரும் ஒரே விமானத்தில் போக வேண்டும். அந்தத் தேதியில் ஒன்பது சீட்தான் காட்டுகிறது என்றேன். அசரவே இல்லை. டெப்போவில் போய்ப் பத்து நாளைக்கு முன்னால் ஆள் கணக்குச் சொன்னால் ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள் அல்லவா, அதுபோல இந்த லிஸ்டை அனுப்பிப் பெரிய பிளேனாக விடச் சொல்லுங்கள் என்றார்.

எந்த ஊருக்கு எந்த அளவு விமானம் என்பதை ஆறு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள், போன வருடம் எவ்வளவு கூட்டம், எந்த மாதம் பள்ளிக்கூட லீவு, எப்போது பண்டிகை என்றெல்லாம் பார்த்துத்தான் என்று விளக்கினேன். நானே மெச்சிக்கொள்ளும்படிதான் விளக்கினேன். அவர் மச்சானைப் பார்த்தார், மச்சான் என்னைப் பார்த்தார். வியாபாரியே கேட்டார். "ஆறு மாசத்துக்கு முன்னாடியே அவுங்களுக்கு எப்பிடி மேடம் தெரியும்? எங்க வூட்லயே மாப்ளய பேசி முடிச்சது போன வாரந்தான்."

சுருங்கிய விமானம்

பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் விமானக் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். விமானம் மாற்றப்பட்டிருக்கிறது, ராஜகுமாரி அக்காவின் பயணம் இருபத்தேழாம் தேதிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். இருபத்தஞ்சில் பிரசவம், இருபத்தேழில் பயணம். அந்தப் பெண் பனிக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

என்னுடன் வேலை செய்யும் ரஃபி பரங்கிப்பேட்டைக்காரன். எந்தக் கம்பெனியின் போனையும் எடுக்க வைத்துவிடுவான். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் குரல் வந்தது. அந்த மாதம் டொரண்டோவுக்குக் கூட்டம் குறைவு, அதனால் பெரிய விமானத்தைக் கூட்டம் இருக்கும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டுச் சின்னதைப் போட்டிருக்கிறோம் என்றது. கூட்டம் இல்லை என்றால் எங்கள் ஆளுக்கு ஏன் சீட் இல்லை என்று கேட்டேன். என் கேள்வியில் ஏதாவது தப்பு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். அந்தக் குரல் பொறுமையாகப் பதில் சொன்னது. "டிமாண்ட் இல்லைன்னுதான் மேடம் சின்ன பிளேன் போட்டோம். சின்ன பிளேன் போட்டதுல இப்ப டிமாண்ட் ஜாஸ்தியாயிடுச்சு."

காலி சீட், ஏற முடியாத சீட்

ரஃபி விடவில்லை. வேறொரு கம்பெனி, வேறொரு ஊர் வழி, பதினாறாம் தேதி என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். பெரிய விமானம். சீட் வரைபடத்தைத் திறந்தால் பின்பக்கம் வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள். ஆனால் பெயரை அடித்தால் சீட் இல்லை என்கிறது. திரும்பத் திரும்ப அடித்தேன். கட்டம் காலி, சீட் இல்லை. எங்களைக் கிறுக்கு என்று நினைத்துவிட்டார்களா என்று ரஃபியிடம் கத்தினேன்.

மறுபடி பாட்டு, மறுபடி போன். இந்த முறை ஒரு ஆண் குரல். குளிர்காலத்தில் அந்த வழியில் எதிர்க்காற்று அதிகம், எரிபொருள் கூடுதலாக வேண்டும், அந்த எடையோடு எல்லா சீட்டிலும் ஆளை ஏற்ற முடியாது, அதனால் சில வரிசைகளை விற்காமல் வைத்திருக்கிறோம் என்றார். கீழே சரக்கு ஏற்றுகிறீர்களா என்று கேட்டேன். ஏற்றுகிறோம் என்றார். அப்படியென்றால் ஒரு அறுபது கிலோ சரக்கை இறக்கிவிட்டு எங்கள் அக்காவை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "மேடம், சரக்கு ஜன்னல் சீட்டு கேக்காது, சாப்பாடு கேக்காது, போன் பண்ணி சண்டையும் போடாது."

உள்ளே போங்க

அன்று சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நின்றுகொண்டே பயணம். புதுச்சத்திரத்தில் இன்னும் இருபது பேர் ஏறினார்கள். கண்டக்டர் தெரிந்தவர், தினமும் பார்க்கிறவர். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில் நின்றுகொண்டு, உள்ளே காலியாக இருக்கிறது, உள்ளே போங்க என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே மூச்சு விடவே இடமில்லை.

மனசு ஆறாமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு பெரிய விமானம், இத்தனை சீட் காலி, ஆனால் ஏற்ற மாட்டேன் என்கிறான். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார். அவர் முகத்தில் தெரிந்தது நிஜமான வருத்தம். "சீட்ட காலியா வச்சிக்கிட்டு ஆள ஏத்த மாட்றானா? மொதல்ல அந்த கண்டக்டர மாத்தணும் மேடம்."

ஐஸும் டீசலும்

மறுநாள் ஏலம் முடிந்து அக்கா மஞ்சக்குப்பம் ஆபீஸுக்கு வந்தார். சொல்லாமல் எப்படி இருப்பது? இருபத்தேழு என்றதும் முகம் கறுத்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பதினாறாம் தேதி விமானத்தைப் பற்றியும் சொன்னேன். காலி சீட், எதிர்க்காற்று, எரிபொருள், எடை. போதாததற்கு அங்கே பனி கொட்டி இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போகவும் எண்ணெய் மிச்சம் வைத்துக்கொள்வார்களாம் என்றேன். ஏமாற்றுக்காரர்கள் என்று கத்தப்போகிறார், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை. "இதுல என்னா இருக்கு? எந் தம்பி அஞ்சு நாளு கடல்ல தங்கி மீன் புடிக்கப் போனா டீசல் ஜாஸ்தி, ஐஸு ஜாஸ்தி, ஆள ரெண்டு கொறச்சிக்குவான். முகத்துவாரத்துல மணலு அடச்சிக்கிட்டா பாண்டிக்குப் போயி கரையேறணும், அதுக்கும் டீசலு வேணும். மீனு இல்லாத மாசத்துல பெரிய போட்ட எறக்குனா போட்டுக்காரன் தலைல துண்டப் போட்டுக்கினு போவ வேண்டியதுதான். பிளேன்காரனும் அதத்தான் செய்றான்" என்றார். இரண்டு நாளாக நானும் ரஃபியும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். காற்றுக் கணக்கை அவர்கள் எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டார். போன் செய்து கேட்டதில், கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு பார்த்துவிட்டு, முடிந்தால் சில சீட் விடுவோம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். உறுதி சொல்ல முடியாது என்பதை அழுத்திச் சொன்னேன். அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "கடலுக்குப் போறவனுக்கு யாரும்மா உறுதி சொன்னா? பொட்டியக் கட்டி வைக்கிறேன். காத்து தணிஞ்சதும் கூப்புடு."

வஞ்சிரம்

பதினாலாம் தேதி. முதலில் போட்ட டிக்கெட்டுக்கு உரிய நாள் அதுதான். சிதம்பரத்தில் இருந்தேன். காலை எட்டரையிலிருந்து பதினாறாம் தேதி விமானத்துக்காகத் திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். வந்த வாடிக்கையாளர்களையெல்லாம் ரஃபி பக்கம் தள்ளிவிட்டேன். பத்து மணி, இல்லை. பதினொன்று, இல்லை. பதினொன்று இருபதுக்கு இரண்டு சீட் முளைத்தது. அவசரத்தில் பெயரை ஒருமுறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். டிக்கெட் விழுந்தது. ரஃபி மேசையைத் தட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். அக்கா, சீட் கிடைத்துவிட்டது, நாளை மறுநாள் பயணம் என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்லா இருப்பம்மா நீ. செத்த இரு, இந்த வஞ்சிரத்த முடிச்சிட்டு வந்துர்றேன்."

முந்திக்கொண்டவன்

பதினேழாம் தேதி அக்கா டொரண்டோவில் இறங்கினார். பத்தொன்பதாம் தேதி பேரன் பிறந்துவிட்டான், டாக்டர் சொன்னதற்கு ஆறு நாள் முந்தி. அந்த இருபத்தேழாம் தேதி டிக்கெட்டில் போயிருந்தால், பேரனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனபிறகுதான் போய்ச் சேர்ந்திருப்பார். பழைய பதினாலாம் தேதி விமானமே போயிருந்தாலும் போதுமாயிருந்திருக்கும்; சுருக்கியதுதான் வினை.

நாலு நாள் கழித்து வீடியோவில் வந்தார். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிகிற பொடியனைக் காட்டினார். விமானத்தில் பக்கத்து இரண்டு சீட்டும் காலியாம், காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போனாராம். சின்ன விமானத்தைப் போட்டவர்களும் ஆறு மாதத்துக்கு முன்பே கணக்குப் போட்டவர்கள்தானே, பிறகும் கணக்கு எப்படித் தப்பியது என்று நான் புலம்பினேன். அக்கா பேரனைப் பார்த்துச் சிரித்தார். "அவுங்க போட்டது ஆறு மாசக் கணக்கு. இவனுக்குப் பத்து மாசம் கணக்குப் போட்டோம், இவனே சொன்ன தேதிக்கு வல்ல, பாத்தியா?"

ஆக, எத்தனை பேர் எப்போது வருவார்கள் என்பது விமானம் விடுகிறவர்களுக்கும் தெரியவில்லை, டிக்கெட் விற்கிற எனக்கும் தெரியவில்லை. கொஞ்சமாவது தெரிந்த ஒரே ஆள் இப்போது டொரண்டோவில் பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்.