நான் போகும்போதெல்லாம் ஓடிய ஹீட் பம்ப்

1. காலில் கட்டு

செம்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு ரிப்பேருக்காக ஐந்தாவது முறையாகப் போனபோது மெர்ஸி டீச்சரின் வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சுடுதண்ணி கொட்டிருச்சு. அடுப்புல காய்ச்சி பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனேன். உங்க மெஷின்தான் ஓடலியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருடைய கணவர் சாமுவேல் சாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் காலையில் வெந்நீர் வேண்டும். அதற்காகத்தான் ஹீட் பம்ப் வைத்திருந்தார்கள்.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டது மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து டேங்க் தண்ணீருக்குக் கொடுக்கும். அவர்கள் வீட்டில் அதன் வெளி யூனிட் சமையலறைக்குப் பின்னால், கிரில் போட்ட யூட்டிலிட்டியில் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக ஏசி, ஃபிரிட்ஜ் என்று கழற்றி மாட்டிய எனக்கு அந்த ஒரு மெஷின் மட்டும் பிடிபடவில்லை. நான் போனால் ஓடும். வந்துவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நின்றுவிடும்.

2. என்னென்ன மாற்றினேன்

முதல் தடவை போனபோது நல்ல மழைக்காலம். டிஸ்ப்ளேயில் லோ பிரஷர் எர்ரர். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம் கீழே இருப்பதாகப் பட்டது. குளிர்ந்த நாளில் அப்படித்தான் காட்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கண்ணளவில் கொஞ்சம் கேஸ் ஏற்றினேன். ஓடியது. கிளம்பிவிட்டேன்.

இரண்டே நாளில் மறுபடி லோ பிரஷர். பிரஷர் சென்சாரை மாற்றினேன்.

மூன்றாவது தடவை ஹை பிரஷர் என்று காட்டியது. ஒரே மெஷின் ஒரு நாள் பிரஷர் போதவில்லை என்கிறது, இன்னொரு நாள் அதிகம் என்கிறது. கன்ட்ரோல் போர்டுதான் உளறுகிறது என்று அதை மாற்றினேன். நாலாவது தடவை திரும்பவும் லோ பிரஷர். ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஐந்தாவது தடவை ஹை பிரஷர். ரீசெட் செய்ததும் ஓடியது.

தாம்பரம் ஆபீசில் மேனேஜர் கூப்பிட்டார். "குமரேசன், ஒரே வீட்டுக்கு அஞ்சு விசிட். கம்ப்ரஸர மாத்திட்டு கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணுங்க."

"சார், கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ என்னதான் ப்ராப்ளம்?"

"தெரியல சார்."

அந்த வார்த்தையை ஆபீசில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று பைக் ஓட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்போது பெருங்களத்தூர் சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார்.

3. சொல்லாமல் போன நாள்

மறுநாள் பையைத் திறந்தால் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் காணோம். டீச்சர் வீட்டில்தான் விட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வேலை இருந்ததால் போன் செய்யாமலே போய் பெல் அடித்தேன். டீச்சர் ஸ்கூலுக்குப் போயிருந்தார். சாமுவேல் சார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். மீட்டர் யூட்டிலிட்டியில் இருக்கும் என்றார்.

அங்கே நுழைய முடியவில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. இரண்டு பெட்ஷீட், புடவைகள், துண்டுகள், எல்லாம் ஈரம். ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. காற்றை இழுக்கும் பக்கத்தில் ஒரு பெட்ஷீட் போய், குழாய்கள் ஓடும் காயிலோடு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று அடைபட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றது. லோ பிரஷர்.

வீட்டு வேலை செய்யும் கன்னியம்மா அக்கா கையில் பக்கெட்டோடு நின்றிருந்தார்.

"அக்கா, துணி எப்பவும் இங்கதான் காயுமா?"

"மழ பேஞ்சிகினே கீதே, மாடில எங்க போடறது? இங்க அந்த மெசின் காத்துல சீக்கிரம் காஞ்சிடும்."

"நான் அஞ்சு தடவ வந்தேனே, ஒரு துணியும் பாக்கலியே?"

"நீ வர்றேன்னு போன் பண்ணா டீச்சர் அல்லாத்தையும் எடுக்க சொல்லிடும்பா. வந்தவரு நிக்க எடம் வேணாமா?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த பெட்ஷீட்டை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, கொடியை அவிழ்த்தேன்.

4. மிச்சம் இருந்தது

கொடியை அவிழ்த்ததோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மறுபடி போன். இப்போது துணி எதுவும் இல்லை; ஆனாலும் ஹை பிரஷர். காற்று தாராளமாகப் போகிறது, பிறகு ஏன்? வெகுநேரம் குழம்பிவிட்டு, கேஸ் முழுவதையும் இறக்கித் தராசில் நிறுத்தேன். யூனிட்டில் ஒட்டியிருந்த லேபிளில் போட்டிருந்த எடையைவிட இருநூறு கிராம் அதிகம். முதல் நாள் நான் கண்ணளவில் ஏற்றியது. தண்ணீர் நன்றாகச் சூடாகும் நேரத்தில் அதுதான் பிரஷரை ஏற்றி மெஷினை நிறுத்தியிருக்கிறது. நான் டெஸ்ட் செய்தபோதெல்லாம் டேங்க்கில் பச்சைத் தண்ணீர், அதனால் காட்டவில்லை. ஒரு கோளாறு துணியால் வந்தது. இன்னொன்றை நானே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

துணி விஷயத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சரியான எடைக்குக் கேஸ் போட்டு, தண்ணீர் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் இரண்டையும் சொன்னேன்.

அவர் தன் கால் கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார். "முதல் நாளே துணி எங்க காயப் போடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"கேக்கத் தோணல டீச்சர்."

மெஷின் பிறகு நிற்கவில்லை.

இப்போதெல்லாம் கேஸை நிறுக்காமல் ஏற்றுவதில்லை. கிளம்பும் முன் போனில், "நான் வர்றேன்னு எதையும் எடுத்து வைக்காதீங்க, இருக்கறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். அப்படியும் பாதி வீடுகளில் கூட்டிப் பெருக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே டூல்ஸ் பையைத் திறக்கும் முன், நேற்று இந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்கிறேன்.