பாட்டுக்கு நான்காவது பெயர்

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் போட்டிபோடும் அந்தப் பாட்டுப் போட்டிக்கு நான் மெட்டமைத்த பாட்டு ஒன்றும் போனது. நான் பாடவில்லை. என் முகம் எந்தத் திரையிலும் வரவில்லை. தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பாட்டுக் கட்டுவேன். ஒருவர் கணினியில் தாளமும் வாத்தியங்களும் சேர்ப்பார். இன்னொருத்தி ஆங்கிலத்தில் வரிகள் எழுதுவாள். மெட்டு என்னுடையது. அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தோம்.

வடக்கே ஒரு சின்ன நாடு அந்தப் பாட்டைத் தன் தேர்வுக்கு எடுத்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பாடினாள். பெப்ரவரியில் அந்த உள்நாட்டுத் தேர்வில் அவள் வென்றபோது நானும் அம்மாவும் விம்பிள்டனில் எங்கள் பிளாட்டில் லப்டொப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயிலில் தெரியாத ஆள் இல்லை என்று ஆக்கிவிட்டார் அம்மா.

பாட்டு வென்ற மறுநாள் மாலை என் அண்ணை போன் எடுத்தார். அவர் ரயில் ஓட்டுகிறவர். அதற்கு முன்பு பத்து வருடம் தமிழ்க் கல்யாணங்களில் கீபோர்ட் வாசித்தவர். ஷிப்ட் வேலை வந்தபிறகு அது நின்றுபோனது.

"கேட்டன். நல்லா இருக்கு," என்றார்.

அதோடு போனை வைத்துவிட்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து என் போனில் இடமில்லை என்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். நாலு வருடத்துக்கு முந்திய ஒன்றில் அண்ணையின் மகள், அப்போது இரண்டு வயது, சட்டனில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் ஆடிக்கொண்டிருந்தாள். அழிக்கும் முன் ஒருமுறை பார்க்கலாம் என்று போட்டேன். பின்னால் அண்ணை யாரோ கொடுத்த பழைய கீபோர்ட் ஒன்றைச் சரிபார்த்து வாசிப்பது கேட்டது. எங்கள் பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற அந்த வரி, கடைசிச் சுரத்தைத் தவிர, அப்படியே அதில் இருந்தது.

திரும்பத் திரும்பப் போட்டேன். ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன். பிறகு எழுந்து, துடைத்திருந்த குசினி மேசையை மறுபடி துடைத்தேன்.

சத்தியமாக எனக்கு நினைவில் இருக்கவில்லை. மெட்டு தானாக வந்தது என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் அந்த வீடியோவை எடுத்தது நான். அந்த அறையில் நின்றது நான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்திரங்களில் கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது நாலாவது பெயர் வந்தால் பாட்டையே விலக்கிவிடுவார்களோ, அந்தப் பெண்ணின் கதி என்ன என்றெல்லாம் எனக்குள் வாதாடினேன். போட்டியின் விதிகளை வாசித்தேன், விளங்கவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம், கேட்கவும் இல்லை. உண்மை என்னவென்றால், மெட்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் தனியாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மார்ச்சும் ஏப்ரலும் எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கடையில் வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். பதில் காதில் ஏறாது. மறுபடி கேட்பேன். ஒரு கிழவர் பொறுமையாக, "மூன்று தடவை சொல்லிவிட்டேனே," என்றார். வேலை முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது அண்ணையின் நம்பரை எடுப்பேன், வைப்பேன். ஒரு ஞாயிறு சொல்வதென்றே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி தேத்தண்ணி தந்தார். அண்ணை தோட்டத்து வேலியில் கழன்ற பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆணிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். வேலி முடிந்ததும் வந்துவிட்டேன்.

அரையிறுதி மே மாதத்தில், ஒரு வேலைநாளில். அண்ணை ஷிப்டை மாற்றிக்கொண்டு, மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு, எங்களோடு பார்க்க வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு ரீவிக்கு நேரே உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்ப வருவாய்?" என்று கேட்டார்.

"நான் வரமாட்டன் அம்மா. பாடுற பிள்ளையைத்தான் காட்டுவினம்."

"அப்ப பேரையாவது போடுவினமோ?"

"ஓம், கீழை சின்னதாப் போடுவினம்."

அண்ணை ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்தார்.

எங்கள் பாட்டு ஒன்பதாவது. எட்டாவது முடியும்போதே எனக்குக் கால் தரிக்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி முதல் தாளம் கேட்டது. அண்ணை வாசலில் வந்து நின்றார்.

"என்ன, பாக்கேல்லையோ?"

குழாயை மூடினேன். உள்ளே அந்தப் பெண் நிதானமாகத் தொடங்கியிருந்தாள்.

"அண்ணை, அந்த மெட்டு உங்கடை," என்றேன். "பழைய வீடியோ ஒண்டிலை இருக்கு. நீங்கள் கீபோர்ட் வாசிக்கிறியள். நான் வேணுமெண்டு எடுக்கேல்லை."

"தெரியும்."

"எப்பயிலிருந்து?"

"முதல் நாளே. கேட்ட உடனை தெரிஞ்சது."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." கொஞ்சம் பொறுத்து, "உனக்கே தெரியாதாக்கும் எண்டு விட்டிட்டன். தெரியாமல் எடுத்தால் அது ஒண்டுமில்லை. நீ எப்ப கண்டனீ?" என்றார்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. "பெப்ரவரியிலை," என்றேன்.

அவர் தலையசைத்தார். விரல்களில் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூளைத் துடைத்தார். "அண்டைக்கு வீட்டை வந்து வேலிக்கு ஆணி எடுத்துத் தந்தாய். அப்பவும் தெரியும், என்ன?"

"ஓம்."

உள்ளே கைதட்டல் கேட்டது. அம்மா, "பாட்டு முடிஞ்சுது. ரெண்டு பேரும் எங்கை போட்டியள்?" என்று கூப்பிட்டார். உலகம் பார்த்த அந்த மூன்று நிமிடத்தை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

அண்ணை முடிவு வரை இருக்கவில்லை. விடிய வேலை என்று அம்மாவிடம் சொல்லிச் சப்பாத்தைப் போட்டார். கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார். இறுதிக்குப் போகும் பத்து நாடுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பத்தாவது பெயரும் வேறொரு நாடு. திரையில் அந்தப் பெண் எழுந்து நின்று மற்றவர்களுக்காகக் கைதட்டினாள். அம்மா ரீவியை நிறுத்திவிட்டு, "வாக்குப் போடத் தெரியாதவங்கள்," என்று படுக்கப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. வரவேற்பறைக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை நண்பர்கள் இருவருக்கும் எழுதினேன், வீடியோவையும் அனுப்பினேன். தாளக்காரர் உடனே, சரி, அண்ணையின் பெயரைச் சேர்ப்போம் என்று பதில் போட்டார். வரிகள் எழுதியவள் இரண்டு நாள் எடுத்தாள். முதலிலேயே சொல்லியிருந்தால் தன்னை மூன்று மாதம் பொய்க்காரியாக்கியிருக்க வேண்டியதில்லை என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. அதன் பிறகு நாங்கள் மூவரும் ஞாயிறுகளில் கூடவில்லை.

பெயர் சேர்க்க அண்ணையின் கையெழுத்து வேண்டும். படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாங்கிக் குளிர்பெட்டிக்கு மேல் வைத்தார். பதினொரு நாள் அங்கேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் நான் போனபோது சீருடையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கடைசிச் சுரத்தை ஏன் கீழை இறக்கினனீ?" என்று கேட்டார்.

"எனக்கு அப்பிடித்தான் வந்தது."

"மேலை போயிருக்க வேணும். அப்பதான் அந்த இடம் நிக்கும்."

"இல்லை அண்ணை. இறங்கினால்தான் நல்லது."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தீரவில்லை. ஆனாலும் பதில் சொல்ல வாயெடுத்தார், பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "அம்மாவுக்குச் சொல்லாதை," என்றார். "கோயில் முழுக்க உன்ரை பாட்டெண்டு சொல்லித் திரிஞ்சவ. பாவம்."

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. இன்னொன்றையும் மறைத்து வைத்துக்கொண்டு நடமாட என்னால் முடியாது. அடுத்த நாள் காலை அம்மா தோசைக்கு மா கரைத்துக்கொண்டிருந்தபோது முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அவன் முந்தி வாசிக்கேக்கை நான் கதவைச் சாத்திப்போட்டு இருப்பன்," என்றார். "இரைச்சல் எண்டு. அயலட்டைச் சனம் ஏசும் எண்டு. ஒரு நாளும் இருந்து கேக்கேல்லை. நீ போட்டபடியால்தான் நான் கேட்டனான். இப்ப அது அவன்ரை எண்டுறாய்."

அவர் போனை எடுத்து அண்ணைக்கு அடித்தார். ரயிலில் இருக்கும்போது அண்ணை போனை நிறுத்தி வைத்திருப்பார். அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் நான் வேலைக்குப் புறப்படும்வரை கால்மணிக்கொரு தரம் அடித்துக்கொண்டேயிருந்தார். மத்தியானம் அண்ணை எடுத்திருக்கிறார், நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.