புல்லுக்குள் இருந்த மரங்கள்

மிஸ் அந்த வேரை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி வந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேலே முழங்கால் உயரம்கூட வராத இரண்டு தளிர்கள். கீழே தொடைத் தடிப்பில் ஒரு கிழட்டு வேர். மண்வெட்டி பட்ட இடத்தில் சிவப்பாகப் பால் கசிந்து அவருடைய சட்டைக் கையை நனைத்திருந்தது. "இது வேங்கை, தம்பி" என்றார். கோபத்தில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் புளியந்தீவுப் பறங்கிக் குடும்பத்தவர். மரம் நடும் திட்டமொன்றுக்குப் பொறுப்பாக இருந்தார். நான் அவருடைய வண்டிச் சாரதி. கன்றுகளை ஏற்றிப் போகும்போது பள்ளத்தில் வண்டியை விட்டுவிட்டால் என்னைத் திட்டமாட்டார், திரும்பிப் பார்த்துக் கன்றுகளிடம் மன்னிப்புக் கேட்பார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

உன்னிச்சைக்கு மேற்கே கிடந்த புல்வெளிதான் எங்கள் இடம். வட்டை வயல்களில் நெல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு ஊரில் காலூன்ற இடமிருக்காது. அறுவடை முடியும்வரை மாட்டுப் பட்டிகளை அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டு மாரிக்கு மட்டும் மாடுகளை வேறு பக்கம் வைத்திருங்கள், பிறகு புல்லோடு நிழலும் கிடைக்கும் என்று மிஸ் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் முணுமுணுத்தபோது, பெரிய பட்டி வைத்திருந்த அண்ணன் ஒருவர்தான் அவரை நம்பி முதலில் மாடுகளை வேறு பக்கம் சாய்த்துக்கொண்டு போனார். கம்பி வேலி போட்டோம்.

நிலத்தைத் துப்புரவாக்கக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரப் பெண்கள் வந்தார்கள். வயலில் புல் என்றால் எதிரி. அந்தக் கை சும்மா இருக்குமா? ஆள் உயரப் புல்லை அரிந்ததோடு நில்லாமல், அதற்குள் மறைந்து கிடந்த தளிர்களையும் களையென்று நினைத்து வேரோடு கிளப்பினார்கள். கிளப்பிய வேர்களை விறகுக்கென்று கட்டி வைத்தார்கள். செதுக்கிய வரப்பைப்போல நிலம் துப்புரவாகக் கிடந்ததைப் பார்த்து நானே மெச்சினேன். பாதி வெளி அப்படி முடிந்த பிறகுதான் விறகுக் கட்டில் வழிந்த சிவப்பு மிஸ்ஸின் கண்ணில் பட்டது. நடுவதற்கு நாங்கள் வண்டியில் கொண்டுவந்திருந்ததும் வேங்கைக் கன்றுகள்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை.

அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வேராக எடுத்துத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றின் தலையிலும் பழைய தீயின் கரி. கச்சான் காற்று வீசும் கோடையில் பட்டிக்காரர் புல்லுக்குத் தீ வைப்பார்கள். தளிர் கருகிவிடும், வேர் சாகாது. மழை விழ மறுபடி துளிர்க்கும். புல் வேங்கையின் தண்ணீரில் பங்கு பிடுங்கும். அதே புல்தான் வெயிலிலிருந்தும் மான் வாயிலிருந்தும் அதை மறைக்கும். தீயில்லாத ஓரிரு வருடம் வாய்த்தால் புல்லுக்கு மேலே தலை நீட்டிவிடும். அதற்காக வேரைப் பருக்க வைத்துக்கொண்டு அது காத்துக் கிடந்திருக்கிறது.

"ரெண்டும் சண்டை பிடிச்சிக்கிட்டே ஒரு வீட்டுக்குள்ள இருந்திருக்குதுகள், தம்பி. நாமதான் வீட்டை இடிச்சிட்டம்" என்றார்.

மேலிடத்தார் பார்வையிட வரவிருந்தார்கள். மிச்சப் பாதியையும் முடிக்கச் சொல்லி அலுவலகம் நெருக்கியது. மிஸ் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிண்டாத பாதியின் வேலியைத் தானே அவிழ்த்தார். பட்டிக்கார அண்ணனை அழைத்து மாடுகளைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை.

"மறுகா வந்து துரத்தமாட்டீங்கதானே, மிஸ்?"

"நான் இரிக்குமட்டும் துரத்தமாட்டன்."

அவரை நீண்ட நாள் இருக்க விடவில்லை. வேலை போனதும் மகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கிண்டிய பாதியில் நட்ட கன்றுகள் மறைப்பில்லாமல் அடுத்த கச்சானிலேயே கருகின. மரமும் இல்லை, மாடும் இல்லை, தரிசு நிலம் என்று சொல்லி அதைச் சோளம் செய்யக் கொடுத்தார்கள். என்ன செய்ய, நான் வண்டி ஓட்டுகிறவன்.

ஆனால் மற்றப் பாதி பிழைத்தது. கச்சான் தொடங்கினால் மிஸ் அங்கிருந்து போன் எடுப்பார். புல்லுக்குத் தீ வைத்தார்களா, வேங்கை எவ்வளவு உயரம் என்று கேட்பார். ஒரு வருடம் தீ எட்டாத மூலையில் சில மரங்கள் என் தலைக்கு மேலே போய்விட்டதாகச் சொன்னேன். எத்தனை மரம் என்று இரண்டு தரம் கேட்டார்.

இந்த வருடம் அவர் கேட்பதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். பட்டிக்கார அண்ணன் மாடுகளோடு தெருவில் நின்றார். சோளக்காரர் உள்ளே போக விடவில்லையாம். இரண்டு நாட்கள் கழித்துப் போன் வந்தது. சுகம் விசாரித்த பிறகு மழையைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன்.

"வேங்கை எப்படி இரிக்குது, தம்பி?"

"மற்றப் பாதிக்குள்ளயும் மண் கிண்டுற பெக்கோ இறக்கிட்டாங்க, மிஸ்."

மிஸ் மெதுவாகக் கேட்டார்:

"மேலால வெட்டுறாங்களா, வேரோடயா?"

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"வேரோடதான், மிஸ்" என்றேன்.