மணலுக்கு விட்ட மருந்து

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குச் சரியும், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ராயபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தில், கரைவலைக்கு மீன் பார்த்துச் சொல்பவர் என் நைனா. மணல் மேட்டில் நின்று, மீன் கூட்டத்தால் தண்ணீர் எங்கே கறுக்கிறதோ அந்தப் பக்கம் சிவப்புத் துண்டை வீசுவார். படகு அங்கே போய் வலையை வளைக்கும்.

அவர் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் இரண்டு புட்டி சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்றை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மற்றது. வீட்டில் கடிகாரம் இல்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு, முந்நூறு வரை எண்ண வரும். ஆகவே அது என் உத்தியோகமாயிற்று. வாசலில் நைனாவைப் படுக்கவைத்து, தெருவுக்கே கேட்கும்படி எண்ணுவேன்.

மருந்து விட்டால் எல்லாம் மங்கலாகிறது என்பார் நைனா. ஒரு நாள் மேகத்தின் நிழலைப் பார்த்துத் துண்டை வீசிவிட்டார். வலை வெறுமையாக வந்தது.

“இன்னா அண்ணாத்த, மேகத்தப் புடிச்சிக் கொழம்பு வெக்கறதா?” என்றார் சித்தப்பா. “இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா துண்ட என்னாண்ட குடுத்துடு.”

மறுநாள் காலையில் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கு வாணாண்டா. மணல்ல வுட்ரு. புட்டி கொறையுதான்னு உங்கம்மா பாத்துகினு கீறா. எண்றத மட்டும் நிறுத்தாத.”

விட்டேன். முந்நூறும் எண்ணி முடித்தேன்.

வெயில் ஏறியதும் துண்டு பறந்தது. படகு பாய்ந்தது. கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை எரிந்தது. வலை கரை தொட்டபோது நெத்திலி, பார்த்த இடமெல்லாம் நெத்திலி, முழங்கால் வரை துள்ளியது. பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். சித்தப்பாவே நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, “எங்கண்ணன் கண்ணு இன்னா கண்ணு” என்று குதித்தார். அது என் கைங்கரியம் என்று சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நானும் குதித்தேன்.

அந்தப் பருவம் முழுக்க மருந்து மணலுக்குத்தான் போயிற்று. நைனாவுக்கு வலியில்லை, கண் சிவக்கவில்லை, வலையும் நிறைந்தது.

இப்போது எனக்கும் அதே நோய். இரண்டு மருந்தும் ஒரே புட்டியில் வந்துவிட்டது, எண்ணுகிற வேலையில்லை. “போன பார்வையை இது கொண்டுவராது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான்” என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு அந்த மணல்தான் கண்ணில் நின்றது.

அந்தப் பருவத்துக்கு மறு வருஷம் நைனா நாள் முழுக்க மேட்டில் நின்றார். துண்டு தோளைவிட்டு இறங்கவே இல்லை. கடலில் மீன் தீர்ந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

ஆனி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை.