மெற்றில்டா அனுப்ப மறுத்த பதிப்பு

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபோது மெற்றில்டாவின் தம்பி அழைத்தார். "அக்கா விடியப்புறம் போயிட்டா," என்றார். நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன்.

கிளிநொச்சியில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் என் மேசையும் மெற்றில்டாவின் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. மீனவர் சங்கங்களுக்கான மீன்பிடிப் பதிவு மென்பொருளை நாங்கள் எழுதுவோம். அதைப் பொதியாகக் கட்டி, சங்கக் கணினிகளில் நிறுவவும் புதுப்பிக்கவும் அனுப்புவது மெற்றில்டாவின் பொறுப்பு. அவர் நாயாறு என்ற மீனவ ஊர்க்காரி. அவர் கொண்டுவரும் கருவாட்டுப் பொரியலில் எங்கள் எல்லோருக்கும் பங்கிருந்தது.

ஒருமுறை எங்கள் புதுப்பிப்பு, பூநகரிச் சங்கச் செயலாளர் சகாயராணி தங்கள் ஊர் வழக்குக்கு மாற்றிவைத்திருந்த மீன் பெயர்களை அழித்து, எங்கள் பெயர்களைத் திரும்பப் போட்டுவிட்டது. தொலைபேசியில் சமாதானம் சொல்லலாம் என்றேன். மெற்றில்டா என்னையும் கூட்டிக்கொண்டு பூநகரிக்குப் பஸ் ஏறினார்.

"நீங்கள் வைச்ச பேரில இஞ்ச ஆரும் மீன் பிடிக்கிறேல்லை," என்றார் சகாயராணி.

"பிழை எங்கடதான் அக்கா. இனி நீங்கள் மாத்தினதில கைவைக்கமாட்டம்," என்றார் மெற்றில்டா.

பின்னேரம்வரை இருவரும் சிரித்துக் கதைத்தபடி பெயர்களைத் திரும்ப ஏற்றினார்கள்.

பின்னொரு பதிப்பு, எங்கள் மென்பொருள் முன்பு இல்லாத புதிய கணினியில் நன்றாகவே நிறுவப்பட்டது. அலுவலகப் பொறுப்பாளர் அதை அனுப்பச்சொல்லி அவசரப்படுத்தினார். மெற்றில்டா அனுப்ப மறுத்தார்.

"வெறும் வீட்டில ஆரும் குடிபோகலாம். ஆக்கள் இருக்கிற வீட்டுக்குள்ள போய்ப் பாப்பம்," என்று, பழைய பதிப்பும் பதிவுகளும் இருந்த கணினியில் புதியதை நிறுவினார். புதியது ஏறியது. பிறகு பழையது நீங்கியது. நீங்கும்போது, மென்பொருளையே அகற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, பதிவுகளையும் துடைத்துவிட்டது. துடைக்கும் அந்தக் கட்டளை போன பதிப்போடு எல்லாச் சங்கங்களுக்கும் போயிருந்தது.

"அனுப்பியிருந்தா?" என்றார் பொறுப்பாளர், மெதுவாக.

"அனுப்பேல்லைத்தானே. தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, திருத்துவம்."

பழையது நீங்குமுன்பே பதிவுகளைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தும்படி புதிய பொதியைத் திருத்தினார். "எடுத்தெறியிறது வேற, புதிசா மாத்துறது வேற. அந்த வித்தியாசத்தைக் கணினிக்கு நாங்கள்தான் சொல்லிக்குடுக்கோணும்," என்றார்.

செத்தவீட்டில் சகாயராணி என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய பதிவுகள் அழியப் பார்த்ததை மெற்றில்டா சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

"நாங்கள் ஒண்டும் நடக்கேல்லையெண்டெல்லோ இருந்தனாங்கள்," என்றார் சகாயராணி.

இப்போது பொதிகளை நான் கட்டுகிறேன். எதை அனுப்புமுன்னும் பழைய பதிப்பை ஏற்றி, நாலு மீன் பெயர்களைப் பதிந்து, அதன்மேல் புதியதை நிறுவிப் பார்க்கிறேன். பெயர்கள் அப்படியே இருந்தால்தான் அனுப்புவேன். மெற்றில்டாவிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்.